பெயர் கேட்காத ஜன்னல்

ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேதி போட மறந்திருக்கிறாய். நாம் படித்த கான்வென்ட் பள்ளியில் தேதி இல்லாத கடிதத்தைச் சிஸ்டர் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் படித்தேன், உறவு என்கிற ஒரே காரணத்துக்காக.

இங்கே நான் நலம். மாடிப்படியைக் கண்டால் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை நினைவு வரும்போது போடுகிறாயா, வேளைக்குப் போடுகிறாயா?

போனிலேயே பேசிவிடலாமே என்று எழுதியிருக்கிறாய். போனில் நீ “ஒரு நிமிஷம்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனால் அந்த நிமிஷம் முடிவதே இல்லை. உன் அத்தான் இருந்தவரை வீட்டில் பேச ஆள் இருந்தது. இப்போது இருக்கிற பேச்சை வீணாக்க எனக்கு விருப்பமில்லை. எழுது.

பாப்பா இந்த ஆண்டுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவாள். முப்பதை நெருங்கும் மகளை இன்னும் பாப்பா என்றே கூப்பிடுகிறேன். பட்டம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாள். எடுத்தவுடன் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த அத்தியாயம்? “ஓடிட்டிருக்கும்மா” என்கிறாள். மேல் வீட்டுக்காரி இப்போதே எனக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். அதை நம்பிப் போன வாரம் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். என் மகள் படிப்பது மண்ணைப் பற்றி, வயிற்றைப் பற்றி இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் மேல் வீட்டுக்காரியைத் திருத்தவில்லை.

உன் கடிதத்தின் கடைசியில், நூலகத்தில் உன் மேசையை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறாய். மேசையை எடுத்தால் நீ எங்கே உட்காருவாய்? வேலை இருக்கிறதா, இல்லையா? நேராக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். தேதி போடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தேதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையும் வேளைக்குத்தான். முழங்காலுக்குப் படி ஏறாமல் இருப்பதே மருந்து. மேல் வீட்டுக்காரியைக் கீழே வரச் சொல்லுங்கள், அவள் எப்படியும் வரத்தான் போகிறாள்.

வேலை போகவில்லை. மேசைதான் போயிற்று. இரண்டு பேர் வந்து திருகாணிகளைக் கழற்றி, கால்களைத் தனியாகக் கட்டி, சாமான் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேசை இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது.

அங்கே உட்கார்ந்து அப்படி என்னதான் செய்கிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு மாணவன் வந்து “தண்ணி பத்தி புக் இருக்கா?” என்பான். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அவனுக்கு வேண்டியது தண்ணீர் இல்லை, ஏதோ ஒரு அணை உடைந்த வழக்கின் தீர்ப்பு என்று தெரியவரும். கேட்பது ஒன்று, தேடுவது வேறொன்று. அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இப்போது யாரும் வந்து நிற்பதில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் மூலையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததைப் போனில் தட்டுத் தடுமாறித் தேடுகிறார்கள்.

புதிதாகச் சேர்ந்த இளம் நூலகர் ஒருத்தி இருக்கிறாள். தட்டச்சு வேகத்துக்காக மின்னல் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் பிள்ளைகளிடமே போய், ஏன் மேசைக்கு வருவதில்லை என்று கேட்டுவந்தாள். “நீங்க பிஸியா இருக்கீங்கன்னு நெனச்சாங்களாம் மேடம்” என்றாள். சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு பெண் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். “இதுகூடத் தெரியாதான்னு ஒரு பார்வை பாப்பாங்க.” நான் அப்படிப் பார்க்கிறேனா அக்கா?

இனிக் காலையில் கேன்டீனுக்கும் லிஃப்டுக்கும் நடுவில், மடிக்கணினியோடு ஓர் உயரமான ஸ்டூலில் உட்கார வேண்டும். கால் தரைக்கு எட்டவில்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று கேட்டால் பதில். மத்தியானம் ஜன்னல். பல ஊர்ப் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து கணினியில் ஒரு சாட் ஜன்னல் திறந்திருக்கிறோம். எந்த ஊர்ப் பிள்ளை கேட்டாலும், அந்த நேரத்தில் பணியில் இருக்கும் நூலகருக்கு வரும். பெயர் கேட்பதில்லை. என் பெயரும் அவர்களுக்குத் தெரியாது, ‘நூலகர்’ என்று மட்டும் இருக்கும். முதல் நாள் நான் அனுப்பிய பதிலைப் பார்த்துவிட்டு மின்னல், “மேடம், இது பதில் இல்ல, கட்டுரை. தள்ளித் தள்ளியே அந்தப் பையனுக்குக் கட்டைவிரல் வலிச்சிருக்கும்” என்றாள்.

கல்வியாண்டு முடியும்வரை சோதனை. பிள்ளைகள் நம்பி வந்தால் எங்கள் பிரிவு இருக்கும். வராவிட்டால் என்னைக் கிழிந்த புத்தகம் ஒட்டும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். இருப்புக்கொள்ளாமல் ஸ்டூலில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறேன்.

பாப்பாவிடம் சித்தி விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
தங்கை


பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆம், பார்ப்பாய். அது நம் குடும்பத்துப் பார்வை. எனக்கும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து நன்றாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

முகமும் பெயரும் காட்டாமல் கேள்வி கேட்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. கேட்கத் துணிந்தவன் இன்னார் என்று சொல்லிக்கொண்டு கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தேன். பாப்பா என்னிடம் எதையும் நேரே நின்றுதான் கேட்பாள்.

அப்படி ஒளிந்துகொண்டு என்னதான் கேட்கிறார்கள்? இரண்டொன்று எழுது. எனக்கும் பொழுது போக வேண்டும்.

ஸ்டூலில் ஏறும்போது பிடித்துக்கொண்டு ஏறு.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்குப் புது எண்ணெய் தேய்ப்பதாக மேல் வீட்டுக்காரி போனில் சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை. தேவலையா?

கேட்டீர்களே, எழுதுகிறேன். பிள்ளைகள் வருகிறார்கள் அக்கா. சாரை சாரையாக இல்லை, ஆனால் வருகிறார்கள். ஒருவன் புத்தகத்தின் பாதிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, மீதிப் பாதி எங்கே என்று கேட்கிறான். ஒருத்தி குரலைப் பதிவு செய்து அனுப்புகிறாள், பின்னால் பேருந்து ஹாரன். ஒருவன் கேட்ட புத்தகத்தை ஒரு பிற்பகல் முழுக்கத் தேடினேன். ஆசிரியர் பெயர், பக்க எண் எல்லாம் இருக்கிறது, புத்தகம் மட்டும் எங்கும் இல்லை. கடைசியில் விசாரித்தால், கணினியிடம் கேட்டானாம், அதுவே கற்பனை செய்து கொடுத்திருக்கிறது. “இல்லாததைத் தேட வச்சதுக்கு சாரி மேம்” என்று ஓர் அழுமூஞ்சிப் படம் அனுப்பினான். அவனுக்கு இருக்கிற புத்தகங்களாக மூன்று எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது பதிலைச் சுருக்கமாக எழுதப் பழகிவிட்டேன். முதலில் ஒரு வரி. பிறகு, இது போதுமா என்று ஒரு கேள்வி. போதாது என்றால் அடுத்த வரி. மேசையில் பேசிப் பேசி வாங்கியதை இங்கே எழுதி எழுதி வாங்குகிறேன். முகம் தெரியாததால் என் பார்வைக்கும் அங்கே வேலை இல்லை. எதிரில் வந்து நின்றால் வாயைத் திறக்காத பிள்ளைகள் அங்கே மனதைத் திறக்கிறார்கள்.

போன வாரம் ஒன்று வந்தது, கேளுங்கள். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று தெரியாது. வருஷக்கணக்காக ஆய்வு செய்கிறதாம். பதிவை ரத்து செய்தால் இதுவரை முடித்த பாடங்களுக்குச் சான்றிதழ் கிடைக்குமா, வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டுமா என்று கேள்வி. விதிப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, எந்தப் பிரிவு, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும், பெற்றோர் கையெழுத்து தேவையே இல்லை என்று மளமளவென்று கொடுத்தேன். மின்னலே பாராட்டினாள். கடைசியில் அந்தப் பிள்ளை எழுதியது: “வீட்ல டாக்டர்னு போட்டு நேம் போர்டே செஞ்சு, அலமாரில ஒளிச்சு வச்சிருக்காங்க. நான் பாத்தது அவங்களுக்குத் தெரியாது.”

இப்படியும் ஒரு வீடு. பட்டம் வருவதற்கு முன்பே பலகை. மின்னலும் நானும் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பாப்பா எந்த அத்தியாயத்தில் இருக்கிறாள்?

உங்கள்
தங்கை


ஏப்ரல் 11

அன்புள்ள தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. காரணம் ஒன்றும் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த நேம் போர்டு விஷயத்தை நீ பாதியில் விட்டுவிட்டாய். எந்தப் பல்கலைக்கழகம்? என்ன பாடம்? நீ எடுத்துக் கொடுத்த விதியை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்தது? மறுபடியும் வந்து கேட்டதா? ஏன் விடுகிறது என்று ஏதாவது சொன்னதா? ஒன்று விடாமல் எழுது.

வீட்டுக்கு ஒரு பலகை செய்து வைப்பதில் இரண்டு பெண்கள் வெகுநேரம் சிரிக்க என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இங்கே வெயில் அதிகம்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். அதில் பாப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களில் அப்படி ஒன்று இதுவரை வந்ததில்லை.

ஜன்னலில் கேட்டவரைப் பற்றி இனி ஒரு சொல்லும் எழுத மாட்டேன். எழுதியதே தப்பு. நீங்கள் எத்தனை கேள்வி கேட்டாலும் இதுதான் பதில், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். உங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது?

மாத்திரையைக் கூடுதலாக ஒன்று போட்டுக்கொண்டேன். பயப்படாதீர்கள், டாக்டரைக் கேட்டுத்தான்.

தங்கை


ஏப்ரல் 25

தங்கைக்கு,

தேக்குப் பலகை. பித்தளை எழுத்து. கம்பளிப் போர்வைக்கு அடியில். தச்சருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். மூன்றாவதாக அவளுக்கும் தெரியும் என்பதை உன் கடிதம் படித்துத் தெரிந்துகொண்டேன். சிரித்தாய் என்பதையும்.

அவள் எதையும் என்னிடம் நேரே நின்று கேட்பாள் என்று உனக்கு எழுதியிருந்தேன். அந்த வரியை நீ கிழித்துப் போட்டுவிடலாம்.

நீ அவளுடைய சித்தி. கிணற்றடியில் நிற்கிற பிள்ளைக்கு இப்படிப் போனால் உள்ளே இறங்கப் படி இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாய். எந்தப் பிரிவு, எந்த அதிகாரி, பெற்றவள் கையெழுத்துக்கூட வேண்டாம். அவ்வளவு சுத்தமான வேலை. உன் மின்னல் பாராட்டாமல் என்ன செய்வாள்?

மேலே அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுதுவாய் என்று எதிர்பார்க்கிறேன். எழுதாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்போது நானே கேட்டுவிடுகிறேன். அவள் உன் ஜன்னலில் கேட்டதைச் சொல்லியே கேட்பேன். பெற்றவளுக்கு இல்லாத உரிமை இன்னொருத்திக்கு இருக்க முடியாது.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

திரும்பத் திரும்பப் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்துவிடும். வந்ததும் படியுங்கள்.

அது பாப்பா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். உங்களுக்குப் போன் செய்திருப்பேன். அவளைக் கூப்பிட்டு, “பாப்பா, பைத்தியமா உனக்கு?” என்றிருப்பேன். அதாவது அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். அவள் கேட்டது சித்தியிடம் இல்லை அக்கா. சித்தியிடம் கேட்க முடியாததைத்தான் அங்கே போய்க் கேட்டாள்.

என் தப்பு வேறு. பெயர் இல்லாத கேள்விக்குச் சொந்தக்காரர் இல்லை என்று நினைத்துவிட்டேன். ஊர் தெரியாது, பெயர் தெரியாது, கதையாகச் சொன்னால் யாருக்கு என்ன என்று எழுதினேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு இல்லை. பிள்ளைகள் சிரிப்பதற்கும் அழுவதற்கும் அங்கே வருகிறார்கள். விடுதியை விட்டுப் போக வேண்டும், எங்கே போவது என்று கேட்டவள் இருக்கிறாள். எல்லாவற்றிலும் தோற்ற பிறகு வேறு எதையாவது செய்து பிழைத்தவர்களைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டவன் இருக்கிறான். இதெல்லாம் யாரோ ஒரு நூலகரின் அக்கா வீட்டுக் கூடத்தில் படிக்கப்படுகிறது என்று தெரிந்தால் ஒருவர்கூட வர மாட்டார்கள்.

தலைமை நூலகரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. முடிவு எடுக்கும்வரை ஜன்னலில் உட்கார வேண்டாம் என்றார். இப்போது நாள் முழுக்க ஸ்டூல்தான்.

பாப்பாவிடமும் நான் சொல்லியாக வேண்டும். ஆனால் இன்று சொன்னால், உங்களுக்குத் தெரியும் என்பதும் சேர்ந்து போய்விடும். அவள் வாயால் உங்களிடம் சொல்ல வேண்டியதை நான் பிடுங்கிக்கொண்டதாகிவிடும். முதலில் அவள் உங்களிடம் சொல்லட்டும். அதற்கு அடுத்த நிமிஷம் என் முறை.

அவள் பதிவை ரத்து செய்தாளா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அக்கா, கேட்காதீர்கள். கேட்டால், அவள் எங்கே போய்க் கேட்டாலும் அம்மா காதுக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வாள். அப்புறம் எங்கேயும் கேட்க மாட்டாள். பொறுத்திருங்கள். உங்களிடம் நான் இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை.

தங்கை


ஜூன் 7

அன்புள்ள தங்கைக்கு,

உன் கூரியர் வந்தது. பதில் எழுத மனம் வரவில்லை. இப்போதும் வரவில்லை, ஆனால் வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டபோது வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, வெயில் எப்படி என்று கேட்டேன். அடுத்த வாரமும் வெயில். அதற்கடுத்த வாரம் பேச வெயிலும் இல்லை, மழை வந்துவிட்டது.

பிறகு விடுமுறைக்கு வந்தாள். நான்கு நாள் இருந்தாள். வந்த அன்றே மின்விசிறிகளைத் துடைத்தாள், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினாள். கை காய்த்துப்போயிருந்தது. எழுதுகிறவள் கை அப்படி இருக்காது. கறுத்தும் இருந்தாள், ஆனால் நன்றாகச் சாப்பிட்டாள், அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். போன தடவை வந்தபோது இரண்டும் இல்லை, அதை நான் அப்போது கவனிக்கவில்லை. படிப்பின் களைப்பு என்று எண்ணினேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். தப்பாக மடித்த துணியைப் பார்த்தால்கூடச் சொல்லாமல் இருக்க முடியாதவள் நான். அடுப்பைப் பற்றிப் பேசினேன், தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினேன், உனக்கு ஸ்டூல் கிடைத்த கதையைச் சொன்னேன். ஜன்னலைச் சொல்லவில்லை. பேச ஒன்றும் இல்லாதபோது எழுந்து போய் ஏற்கெனவே துடைத்த மேடையைத் துடைத்தேன். ஒரு நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்தேனா தெரியாது. அவளும் ஒவ்வோர் அறையாக நடந்தாள். ஒருவர் இருக்கிற அறையிலிருந்து இன்னொருவர் எழுந்து போய்க்கொண்டே இருந்தோம்.

மூன்றாம் நாள் மேல் வீட்டுக்காரி வந்து, “என்ன டாக்டரே, எப்ப பட்டம் குடுக்கறாங்க?” என்று ஆரம்பித்தாள். பாப்பா முகம் போன போக்கைப் பார்த்தேன். “பால் பொங்குது, போய்ப் பாரு” என்று மேல் வீட்டுக்காரியைச் சமையலறைக்கு விரட்டினேன். விருந்தாளியை யாராவது அப்படி விரட்டுவார்களா?

கிளம்பும் நாள் பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தாள். எதையோ மறந்தவள்போல நின்றாள். இப்போது சொல்வாள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். “முழங்காலுக்கு டாக்டரைப் பாரும்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சொல்லவில்லை. நீ சொன்னபடி நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டதில் யாருக்கு என்ன லாபம் என்று இனி நீதான் எழுத வேண்டும்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். நீங்கள் கேட்காமல் இருந்ததற்கு நன்றி சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

பிரிவு நிலைத்துவிட்டது. பிள்ளைகள் போதுமான அளவு வந்திருக்கிறார்கள். ஜன்னலை மின்னலும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அங்கே இடம் இல்லை, ஸ்டூல் மட்டும்தான் என்று முடிவாகியிருக்கிறது. நியாயம்தான். மத்தியானம் மூன்று மணியானால் கை தானாக மடிக்கணினியைத் தேடுகிறது. எழுந்து லிஃப்ட் வரை நடந்துவிட்டு வருகிறேன்.

டாக்டரைப் பாருங்கள். அவள் சொன்னதையாவது செய்யுங்கள்.

தங்கை


ஜூலை 1

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? போனில் கேட்டால் ஆமாம் என்பீர்கள், அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

போனில் சொல்ல வராததை எழுதுகிறேன். அன்றைக்கு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேனே, அப்போதும் வரவில்லை.

நான்கு நாள் வீட்டில் இருந்தேன். நீங்கள் ஒரு தடவைகூட எந்த அத்தியாயம் என்று கேட்கவில்லை. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் பயம் வந்தது. உங்களுக்கு உடம்புக்கு ஏதோ பெரிதாக வந்து என்னிடம் மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் மருந்துப் பெட்டியைக்கூடத் தேடினேன். மூன்றாம் நாள் மேல் வீட்டு அத்தையை மாடிப்படியில் பிடித்து, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா என்று கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஆனா பால் பொங்குதுன்னு என்னைத் தொரத்தினாங்க பாரு, போய்ப் பாத்தா அடுப்பே பத்த வைக்கலை” என்றார். பட்டத்தைப் பற்றிக் கேட்டதும் விரட்டியிருக்கிறீர்கள் என்று அப்போது புரிந்துவிட்டது. உங்களுக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கிறது.

எப்படித் தெரிந்தது என்று யோசித்தால் கண்டுபிடித்துவிடுவேன். யோசிக்கப் போவதில்லை.

மே மாதமே பதிவை ரத்து செய்துவிட்டேன் அம்மா. ஓராண்டாகவே அந்தக் கோப்பைத் திறப்பேன், ஒரு வரிகூடச் சேர்க்காமல் மூடுவேன். அறையில் இருக்க முடியாமல் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். எந்த வண்டியிலும் ஏறாமல் திரும்புவேன். எழுதிவிட்டேன், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னதெல்லாம் பொய். ஞாயிற்றுக்கிழமை வருகிறதே என்று வியாழக்கிழமையே தொடங்கிவிடும்.

இப்போது கட்டடம் கட்டுகிற இடங்களில் மண் சோதிக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். துளை போட்டு, ஆழத்து மண்ணை எடுத்து, இந்த இடம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காலையிலேயே பூட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். சாயங்காலம் வந்து விழுந்தால் தூக்கம். பெரிய வேலை என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்று இப்போது நினைத்தால் தாங்கவில்லை. எனக்காக அப்படி இருக்க உங்களால் முடியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். திட்ட வேண்டும் என்றாலும் திட்டுங்கள். போனை வைக்க மாட்டேன்.

உங்கள்
பாப்பா


ஜூலை 8

அன்புள்ள தங்கைக்கு,

பாப்பா எழுதிவிட்டாள். அவள் கடிதத்தை உனக்கு அனுப்ப மாட்டேன், அது எனக்கு எழுதியது. நீ சொல்ல வேண்டியதை இனி நீ அவளிடம் சொல்லலாம். தாமதிக்காதே. அவள் ஏற்கெனவே பாதி ஊகித்திருக்கிறாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். கேட்பதற்கு என்னிடம் எவ்வளவு இருந்தது என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் படித்துவிட்டு ஏன் விட்டாள், யார் என்ன சொன்னார்கள், என்னிடம் சொல்லப் பயப்படும்படி நான் என்ன செய்தேன். கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாகவும் இருந்தது.

கூப்பிட்டாள். வெயில், மழை எல்லாம் அவளே பேசித் தீர்த்தாள். பிறகு, “அம்மா, நீ இன்னும் ஒண்ணும் கேக்கலையே” என்றாள்.

“அந்தப் பூட்ஸ் காலைக் கடிக்குதா?” என்று கேட்டேன்.

கடிக்கிறதாம். குதிகாலில் தோல் உரிந்திருக்கிறதாம். பெரிய அளவாக வாங்கி, தடித்த காலுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதைப் பற்றியே வெகுநேரம் பேசினோம். நடுவில் அவள் அழுதாள். நான் அழவில்லை, அல்லது அவளுக்குக் கேட்கும்படி அழவில்லை.

எனக்கு வருத்தம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குதிகால் ஆறிவிட்டதா என்று கேட்க வேண்டும்.

அக்கா